தட்டுக்கு அடியில் ஒன்பது ராத்தல்

"ரெண்டே மாசம்! ரெண்டு மாசத்துல எம்மவன ஒம்பது ராத்தல் கூட்டிக் காட்டல்லன்னா, நான் தராசு பிடிக்கதையே விட்டுப்போட்டு கன்னியாகுமரிக் கடக்கரையில சங்கு விக்கப் போயிருகேன்!"

அஞ்சுகிராமம் கடைத்தெருவில், தன் கருப்பட்டிக் கடையில் நின்றுகொண்டு நாராயணபெருமாள் இப்படி முழங்கியபோது அங்கே ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் சரக்கு வாங்க வந்தவர்கள். ஏழாவது ஆள் அவர் பெண்டாட்டி பகவதியம்மாள். அந்த ஏழாவது ஆள் மட்டும் வராமல் இருந்திருந்தால் மனுஷன் வாயையே திறந்திருக்க மாட்டார்.

விஷயம் இதுதான். அவர்களுக்கு ஒரே மகன், குமாரதாஸ். பத்தொன்பது வயது. பட்டாளத்தில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். நாகர்கோவிலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டான். ஓடச் சொன்னார்கள், ஓடினான். தாண்டச் சொன்னார்கள், தாண்டினான். எடை மிஷினில் ஏறச் சொன்னார்கள், ஏறினான். நூற்றியொரு ராத்தல். நூற்றிப்பத்து வேண்டுமாம். பட்டாளத்து டாக்டர் அவனை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். "உடம்பு பற்றாது. இரண்டு மாதம் கழித்து இன்னும் ஒன்பது ராத்தலோடு வா" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பையன் வீட்டுக்கு வந்து, முகம் கழுவுகிற சாக்கில் கிணற்றடியில் நின்று அழுதான். அதை இரண்டு பேர் பார்த்தார்கள். அடுக்களை ஜன்னல் வழியாகப் பகவதியம்மாள் பார்த்தாள். மாட்டுத் தொழுவத்தில் இருந்து நாராயணபெருமாள் பார்த்தார். அவளுக்கு மனசு உடைந்தது. இவருக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனசு குளிர்ந்தது.

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அவன். காலையில் கடை திறக்கும்போது கூட வருவான். எதிரே உட்கார்ந்து கருப்பட்டி அடுக்குவான். நாராயணபெருமாள் நாள் முழுக்க ஏதாவது வேடிக்கை சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வேடிக்கைகளுக்கு இந்த உலகத்தில் சிரித்தவன் அவன் ஒருவன்தான். அவன் காஷ்மீருக்கோ வேறெங்கோ போய்விட்டால் யாரிடம் சொல்வது? துப்பாக்கிச் சத்தம், பனி, குண்டு என்று நினைத்தாலே பையனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக்கொள்வார். அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்தை அவர் மனசுக்குள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் பகவதியம்மாளிடம் இதைச் சொல்ல முடியுமா? மனுஷனுக்கு வாய் உண்டு. கடை வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போனால் அது வேலை செய்யாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் கடைக்கே வந்து, ஆறு பேர் முன்னால், "கேட்டியளா, நம்ம பயல ரெண்டு மாசத்துல தேத்தி எடுத்திரலாமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிருங்க, எனக்க அண்ணன்கிட்ட விட்டுருகேன்" என்று கேட்டாள். மச்சினன் பெயரைக் கேட்டால் நாராயணபெருமாளுக்குப் பொத்துக்கொண்டு வரும். அப்படி வந்ததுதான் மேலே சொன்ன முழக்கம்.

முழங்கி முடித்து, ஆட்கள் கலைந்த பிறகு உட்கார்ந்து யோசித்தார். சேச்சே, எவ்வளவு பெரிய வினையை விலைக்கு வாங்கிவிட்டோம்! ஆனால் முப்பது வருஷம் தராசு பிடித்த மூளை அல்லவா? பத்தே நிமிஷத்தில் வழி கண்டுபிடித்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் சொன்னார்.

"ஏட்டி, தீனி உன் பாடு. எடை எனக்க பாடு. மத்தியானச் சாப்பாட்ட கடைக்கே குடுத்தனுப்பு. எங்கண்ணு முன்னால பய தின்னணும். வெள்ளிக்கு வெள்ளி நம்ம மூட்டைத் தராசுல ஏத்தி, உங்கண்ணு முன்னால நிறுத்துக் காட்டுகேன்."

"உங்க தராசுலயா?"

"ஏன், எனக்க தராசுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. கேட்டேன்."

திட்டம் சுத்தமானது. வாராவாரம் தராசு ஒரு ராத்தல் கூடக் காட்டும். பெண்டாட்டி குளிர்ந்து போவாள். நிஜத்தில் பையன் நூற்றியொன்றிலேயே நிற்பான். நாகர்கோவிலில் மிஷின் அதைச் சொல்லும், பையன் திரும்பி வருவான். பழி பட்டாளத்து மிஷின் தலையில் விழும். இவர் முதுகைத் தட்டிக் கொடுத்து, மறுநாளே கருப்பட்டி அடுக்க உட்கார வைத்துவிடலாம்.

தராசு எப்படிக் கூடக் காட்டும் என்று கேட்கிறீர்களா? கடைக்காரன் வீட்டுப் பூனைக்கும் தெரிந்த வித்தை அது. பொருள் வைக்கிற தட்டுக்கு அடியில் ஒரு உருண்டை புளியை அப்பிவிட வேண்டியதுதான். அதுவும் கடையில் விற்கிற புதுப்புளி ஒட்டாது. உப்புப் போட்டு வருஷக்கணக்கில் பானையில் கிடந்து கறுத்த பழம்புளிதான் அட்டை மாதிரிப் பிடிக்கும். அது எங்கே இருக்கிறது? பகவதியம்மாளின் அடுக்களையில், இடுப்புயரப் புளிப்பானையில் இருக்கிறது. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, முதல் உருண்டையை மடியில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

மூட்டைத் தராசு கடையின் பின்கட்டில் உத்தரத்தில் தொங்கியது. இரண்டு பக்கமும் பலகைத் தட்டு, சங்கிலி. இடது பலகையில் மூட்டை, வலது பலகையில் எடைக்கல். கப்பியில் ஓடும் கயிற்றை இழுத்தால் மேலே கிளம்பும். கருப்பட்டிக் காலம் முடிந்துவிட்டதால் அது சும்மாத்தான் கிடந்தது. பலகைகள் மரக்கட்டைகளின் மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. இடது பலகைக்கு அடியில் புளியை அப்பினார். ஒரு ராத்தல், சுத்தமாக.

முதல் வெள்ளிக்கிழமை. பகவதியம்மாள் வழக்கப்படி கடைக்கு வந்து விளக்கேற்றினாள். வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றித் தராசைத் தொட்டுக் கும்பிடுவது அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரன் பெண்டாட்டியும் செய்கிற காரியம். நாராயணபெருமாள் கயிற்றை இழுத்தார். வெறும் தராசு கிளம்பியதும் கழுதை இடது பக்கம் சாய்ந்தது! அடடா, இதை யோசிக்கவில்லையே! சட்டென்று முழங்காலால் முட்டுக் கொடுத்தார்.

பகவதியம்மாள் பலகையைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். பிறகு விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று முப்பது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"நூத்திரெண்டு!" என்று கத்தினார். "பாத்தியா, ஒரு வாரத்துல ஒரு ராத்தல்!"

"கொள்ளாம்" என்றாள் அவள்.

மறுநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"புளிப்பானை குறையுகே, என்னவா இருக்கும்?"

"எலியாட்டு இருக்கும்."

"எலி புளி திங்குமா?"

"இந்தக் காலத்து எலி எதையும் திங்கும்."

"பெரிய எலியோ?"

"பெரிசாத்தான் இருக்கும்."

"ஆமா, பெரிசுதான். காலடியப் பாத்தேன்" என்று சொல்லி இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

அவருக்குப் புரை ஏறியது.

இது ஒரு பக்கம் இருக்க, மத்தியானத் தீனி இன்னொரு பக்கம் நடந்தது. தூக்குவாளி தூக்குவாளியாக வந்தது. உளுந்தங்களி, அதன் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும். அவித்த முட்டை. நேந்திரம் பழம். ஆட்டுக்கால் சாறு. பையன் தின்றால் காரியம் கெட்டுப் போகுமே?

"மக்கா, ஒரேயடியாத் தின்னா வயிறு எடுக்காதுலே. பையப் பையத் தின்னு. ரெண்டு வாய் போதும்."

"சரிப்பா. மிச்சத்த என்ன செய்ய?"

"வீணாக்கலாமா? அம்ம கண்ணுல பட்டா வருத்தப்படுவா. இங்க தா."

பையன் அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் வாளியை நகர்த்தினான். அப்பாவுக்கு அந்தத் தியாகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. பகவதியம்மாளின் உளுந்தங்களி அப்படி.

மூன்றாம் நாள் பையன் வந்து, "எப்பா, நாளையிலேர்ந்து விடிய கடக்கரை வரைக்கும் ஓடப் போறேன். பட்டாளத்துக்கு ஓட்டம் வேணும்லா?" என்றான்.

போக மூன்று மைல், வர மூன்று மைல். நாராயணபெருமாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடினால் எடை குறையும் அல்லவா! "ஓடு மக்கா, நல்லா ஓடு! எட்டு மைல்னாலும் ஓடு!" என்று முதுகில் தட்டினார்.

இரண்டாம் வெள்ளி. இவர் இரண்டாவது ராத்தலை அப்பிவிட்டுக் காத்திருந்தார். பகவதியம்மாள் அன்றைக்குச் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் பெரிய பித்தளைச் செம்புமாக முன்கூட்டியே வந்தாள்.

"பிள்ள ஏறுக தட்டு. சும்மா தொட்டுக் கும்பிட்டாப் போருமா? பொட்டு வச்சு முறையாக் கும்பிடணும். நீங்க முன்னால போய் ஏவாரத்தப் பாருங்க. பொம்பிளைய கும்பிடும்போ ஆம்பிளைய நிக்கப்படாது."

அப்படி ஒரு சட்டம் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, பக்திதானே என்று போனார். திரும்பி வந்து, முழங்காலைத் தயாராக வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால், தராசு முள் மாதிரி நேராக நின்றது!

நாராயணபெருமாள் திகைத்தார். இடது பலகைக்கு அடியில் இரண்டு ராத்தல் புளி. வலது பலகையில் ஒன்றும் இல்லை. எப்படி நேராக நிற்கும்? குனிந்து இடது பக்கம் தடவினார். புளி இருக்கிறது. பையனை ஏற்றி நிறுத்தார். நூற்றிமூன்று. கணக்கும் சரியாக இருக்கிறது. வலது பக்கச் சங்கிலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு, எல்லாம் அவள் வைத்த பொட்டின் மகிமை, தெய்வமே நம் பக்கம் இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த இடத்தில் ஒரே ஒரு நிமிஷம் கூடுதலாக யோசித்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

வாரங்கள் போயின. வெள்ளிக்கு வெள்ளி இவர் ஒரு ராத்தல் அப்பினார். அவள் பொட்டு வைத்தாள். நூற்றிநாலு, நூற்றியைந்து என்று தராசு பேசியது. ஆனால் கண் வேறு பேசியது. பையன் கன்னம் உப்பியது. கழுத்து தடித்தது. ஒருநாள் கருப்பட்டிப் பெட்டியைத் தூக்கும்போது சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து வந்து நாராயணபெருமாள் மூக்கில் அடித்தது.

"ஏட்டி, பயலுக்க சட்டை ஏன் இப்பிடிப் பிடிக்குகு?"

"தொவைச்சுத் தொவைச்சுச் சுருங்கிப் போச்சு."

"கன்னம்?"

"கன்னம் சுருங்குமா?"

"இல்லட்டி, உப்பியிருக்குன்னு சொல்லுகேன்!"

"நீங்கதானே வெள்ளிக்கு வெள்ளி நிறுத்துக் காட்டுகிய? கூடினா உப்பாதா?"

நிஜத்தில் கூடவில்லை என்று சொல்ல முடியுமா? மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். தராசு சொல்வது நூற்றியாறு. புளி ஐந்து ராத்தல். மிச்சம் நூற்றியொன்று. பையன் இருந்த இடத்திலேயே இருக்கிறான். கண் பொய் சொல்லும், தராசு பொய் சொல்லாது! ஐந்து ராத்தல் புளியை அடியில் அப்பி வைத்த மனுஷன், தராசு பொய் சொல்லாது என்று மனசார நம்பினார். இதை எங்கே போய்ச் சொல்ல!

அந்த ஐந்தாம் வெள்ளியில் இன்னொரு கூத்து. கயிற்றை இழுத்ததும் வெறும் தராசு வலது பக்கம் சாய்ந்தது. புளி இருப்பது இடது பக்கம். சாய்வது வலது பக்கம்! அவருக்கு வயிற்றில் வேறு புளியைக் கரைத்தது.

"இது... இது ஏன் இப்பிடிச் சாயுகு?"

"காத்து" என்றாள் பகவதியம்மாள்.

வாசல் கதவு சாத்தியிருந்தது. விளக்குச் சுடர் ஆடவே இல்லை. ஆனாலும் அவர் "ஆமா, காத்துதான்" என்றார்.

வியாழக்கிழமைதோறும் பையன் மேல் கருவாட்டு வாசம் வேறு.

"ஏலே, கருவாட்டுக்குள்ள உருண்டியா?"

"கடக்கரையில ஓடுனா வேற என்ன வாசம்பா அடிக்கும்?"

அதுவும் நியாயம்தான். கடற்கரையில் கருவாட்டுக் கிடங்கு வைத்திருக்கிற இசபெல் வாரம் ஒருமுறை கருப்பட்டி வாங்கக் கடைக்கு வருவாள். அவள் கண்ணும் சும்மா இருக்கவில்லை. அது பையன் மேல் விழாமல் இவர் மேல் விழுந்தது.

"அண்ணாச்சி, பட்டாளத்துக்குப் போறது மவனா, நீங்களா?"

"ஏன் கேக்க?"

"வயிறு முன்னால போகுது, நீங்க பின்னால வாறிய."

குனிந்து பார்த்தார். உண்மைதான். வேட்டி மடிப்பு அரைச் சாண் கீழே இறங்கியிருந்தது. தீனியைக் கொடுத்தவள் ஒருத்தி, தின்றவர் இவர், உப்பியவர்கள் இரண்டு பேர். எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைத்தது.

அந்தக் கடைசி வாரங்களில் வீட்டில் மீன் குழம்புக்குப் புளிக்குப் பதிலாகப் புளிச்சிக்காய் போட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னட்டி இது, புளி எங்க?"

"எலி" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றுவிட்டு எழுந்து போனார்.

ஒன்பதாம் வெள்ளி, நூற்றிப்பத்து. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பகவதியம்மாள் கும்பிட்டாள். எல்லாம் திட்டப்படி முடிந்தது. நாலு நாள் கழித்து நாகர்கோவிலுக்குக் கிளம்பினார்கள். பையன் தோற்றுத் தொங்கிய முகத்தோடு வெளியே வருவான், அப்போது தேற்ற வேண்டுமே என்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பாவமாகவும் இருந்தது. ஆறுதல் சொல்ல நல்ல நல்ல வார்த்தைகளாக யோசித்து வைத்திருந்தார்.

மைதானத்தில் கயிறு கட்டி, அந்தப் பக்கம் பையன்கள், இந்தப் பக்கம் தகப்பன்மார். குமாரதாஸ் மிஷினில் ஏறினான். பாதி மலையாளம் பேசுகிற ஒரு ஹவில்தார் பார்த்துச் சொன்னார்.

"நூற்றிப்பதிமூணு. பாஸ்!"

"சார்!" என்று ஒரு குரல் கிளம்பியது. நாராயணபெருமாள் கயிற்றுக்கு அடியில் நுழைந்து உள்ளே வந்துவிட்டார். "சார், அது தப்பு சார்!"

"ஆரு நீ?"

"பயலுக்க அப்பன் சார். உங்க மிஷின் தப்பாக் காட்டுகு. இவன் நூத்தியொண்ணுதான்."

ஹவில்தார் பேனாவைக் கீழே வைத்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில், கூட்டிப் போடச் சொல்லிக் காலில் விழுந்த தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறார். குறைத்துப் போடச் சொன்ன தகப்பனை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"மிஷின் தப்பில்லா."

"முப்பது வருசம் தராசு பிடிச்சவன் சார் நான்! தராசுக்காரனுக்குத் தெரியாதா?"

"அப்படியா? நீ எத்தர?"

"நூத்தியம்பது. ஒரு ராத்தல் கூடாது, குறையாது."

"ஏறு."

ஏறினார். ஹவில்தார் பார்த்தார். பக்கத்தில் இருந்த டாக்டரும் வந்து பார்த்தார்.

"நூற்றியெழுபத்திமூணு" என்றார் ஹவில்தார். "மகனுக்கு உள்ளதெல்லாம் அச்சன் தின்னோ?"

கயிற்றுக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குமாரதாஸும் சிரித்தான். அடுத்த திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று காகிதம் கொடுத்தார்கள். பஸ்ஸில் பையன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். நாராயணபெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் முந்திரிக்கொத்து முழுவதையும் தின்று தீர்த்தார்.

வீட்டுக்கு வந்தால் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று பகவதியம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டாள். நாராயணபெருமாள் நேராகக் கடைக்குப் போய்ப் பின்கட்டைத் திறந்தார்.

கயிற்றை இழுத்தார். வெறும் தராசு வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, இடது பலகைக்கு அடியில் கையை விட்டுத் தன்னுடைய ஒன்பது ராத்தல் புளியையும் பிய்த்து எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், வலது பலகை 'தடால்' என்று தரையில் போய் விழுந்தது.

மண்டியிட்டு அதைத் தூக்கிப் பார்த்தார். வலது பலகைக்கு அடியில், இந்த முனை முதல் அந்த முனை வரை, அடை அடையாகப் புளி. ஒவ்வொரு அடையிலும் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பன்னெண்டு ராத்தல்" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். பகவதியம்மாள் கையில் பாயசத் தம்ளரோடு நின்றாள். "பய எவ்வளவு கூடினானோ அவ்வளவு இந்தப் பக்கம். நீங்க உங்க புளியக் கழிச்சுப் பாத்து, நூத்தியொண்ணுலதான் நிக்கான்னு நிம்மதியா இருந்தியல்லா? அந்த நிம்மதியக் கெடுக்கப்படாதுன்னு பாத்தேன்."

"எப்பம்... எப்பம் தெரியும்?"

"மொத வெள்ளி. முழங்காலு."

"அவன் எவ்வளவு கூடினான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை இசபெலுக்க கருவாட்டுத் தராசுல நிறுப்பா. தீனியும் அங்கதான். மீனும் அவிச்ச மரச்சீனிக் கிழங்கும், நான் குடுத்தனுப்புன முட்டையும்."

"அப்பம் கடைக்கு வந்த களி?"

"அது உங்களுக்குத்தான். ரெண்டாம் நாளே மீசையில உளுந்து ஒட்டியிருந்துது. அதுக்கப்புறம் உங்களுக்குன்னே கொஞ்சம் எண்ணெ கூட ஊத்துனேன்."

நாராயணபெருமாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையிலும் புளி. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. கோபப்படலாம் என்று வாயைத் திறந்தவருக்கு அழுகைதான் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குட்டி. அவன் போயிட்டா நான் யாருகிட்டப் பேசுவேன்?"

அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? ராத்திரி முழுக்கத் தூங்காமக் கிடக்கது நான்லா? ஆனா அன்னைக்குக் கிணத்தடியில அவன் அழுதத நீங்களும் பாத்திய, நானும் பாத்தேன். கெட்டிப் போட்டா வீட்டுல இருப்பான். அழுதுக்கிட்டே கருப்பட்டி அடுக்குவான். நீங்க சொல்லுகதுக்குச் சிரிப்பானா?"

அவர் கையில் இருந்த புளியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, பயமா இருக்குன்னு?"

"நீ எங்கிட்டச் சொன்னியா, தெரியும்னு?"

"சொன்னா நிறுத்தியிருப்பியளா?"

இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எல்லாம் முடிந்தது, வெளியே யாருக்கும் தெரியாது, இந்த மட்டில் மானம் பிழைத்தது என்று தம்ளரை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழம வெள்ளன எழும்பிக் குளிச்சிருங்க" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"பகவதி கோயில்ல துலாபாரம். பய பாஸானா எடைக்கு எடை பாளையங்கோடன் பழம் போடுகேன்னு நேந்திருக்கேன்."

"நல்ல காரியம்தான். நூத்திப்பதிமூணு ராத்தல் பழம்."

"அவன் எடைக்கு இல்ல. உங்க எடைக்கு. பொய்யா நிறுத்த மனுசன உள்ளபடி நிறுத்துத் தாறேன் தாயேன்னு மொத வெள்ளியே வேண்டிக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் நிறையக் கூட்டம். பட்டாளத்துக்குப் போகிற பையனை வழியனுப்பவென்று வந்தவர்கள் பாதி. துலாபாரத்தில் ஏறுவது பையன் இல்லை, அப்பன் என்று கேட்டு ஓடி வந்தவர்கள் பாதி. இசபெல் மதிலுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள். ஒரு பக்கம் வாழைக்குலைகள் குவிந்து கிடந்தன. இன்னொரு பக்கம் சங்கிலியில் தொங்கிய பலகைத் தட்டில், ஈர வேட்டியும் வயிறுமாக நாராயணபெருமாள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டு 'மளுக்' என்றது. குமாரதாஸ் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கும், என்னவோ, சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும், பிள்ளை சிரித்துக்கொண்டே போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"நிறுக்கலாமா அம்மா?" என்று பூசாரி கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி" என்ற பகவதியம்மாள், ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் உட்கார்ந்திருந்த தட்டுக்கு அடியில் குனிந்து, இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் கையால் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இனி நிறுங்க" என்றாள்.